படியும் படிக்கல்லும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் இரு புறமும் நெருங்கி நிற்க, சித்தூர் மாவட்டத்தின் ஒரு முனையாக அமைந்திருக்கிறது குப்பம். பழைய கங்குந்தி சமீனின் தலைமை ஊராக இருந்த இது, 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதை இவ்வூர் வழியே செல்கிறது. தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இப்பகுதியின் கடைத்தெருக்களில் புழங்குகின்றன. கேழ்வரகு, நிலக்கடலை, கொள்ளு, தக்காளி, புளி, பால் என விளைபொருள்கள் எந்த மாநில எல்லையையும் கருதாமல் மூன்று திசைகளிலும் சென்று வந்திருக்கின்றன.

இத்தகைய எல்லைப்புற வட்டாரத்தில் மொழி வேறுபாட்டைக் காட்டிலும் அளவை வேறுபாடே வணிகத்திற்குப் பெரும் இடையூறாக இருந்தது எனலாம். தமிழில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என ஒரு வரிசை. தெலுங்கில் சோல, தவ்வ, மானிக, குஞ்சம், தூம், புட்டி என மற்றொரு வரிசை. கன்னடத்தில் பாவு, சேரு, பள்ள, கொளக, கண்டுக என மூன்றாவது வரிசை. இவை அனைத்தும் முகத்தல் அளவைகள். அதாவது, ஒரு பாத்திரம் எவ்வளவு இடங்கொள்ளும் என்பதைக் கூறுபவை. இவற்றுக்கு அருகிலேயே பலம், வீசை, மணங்கு, தோலா என நிறுத்தல் அளவைகளும் வழங்கின. புளியையும் வெல்லத்தையும் வீசையால் நிறுத்தனர். கேழ்வரகையும் நெல்லையும் படியால் அளந்தனர். பொன்னைத் தோலாவால் நிறுத்தனர்.

இவை தனித்தனியே நின்றிருப்பின் குழப்பம் குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் சேர் என்னும் ஒரு சொல் இரு பக்கமும் நின்றது. நிறுத்தல் அளவையில் ஒரு சேர் என்பது 80 தோலா; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 933 கிராம். முகத்தல் அளவையிலும் சேர் என்னும் பாத்திரம் உண்டு. 80 தோலா எடையுள்ள நீரைக் கொள்ளும் பாத்திரத்தைச் சேர் என்று கொண்டால் அதன் கொள்ளளவு 933 மில்லிலிட்டர். சென்னை இராசதானியிலோ, குறிப்பிட்ட தோலா எடையுள்ள இரண்டாந்தர அரிசியைக் கொள்ளும் பாத்திரம் என்று முகத்தல் அளவையை வரையறுக்கும் வழக்கம் இருந்தது. 80 தோலா அரிசியைக் கொள்ளும் பாத்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 1,170 மில்லிலிட்டர் ஆகிவிடும்.

ஒரு சேர் கேழ்வரகு வேண்டும் என்று ஒருவர் கேட்கும்பொழுது, தராசில் நிறுத்தால் அவருக்கு 933 கிராம் கிடைக்கும். அரிசியால் வரையறுத்த பாத்திரத்தில் அளந்தால் 900 கிராமை ஒட்டிக் கிடைக்கும். நீரால் வரையறுத்த பாத்திரத்தில் அளந்தால் 700 முதல் 750 கிராம் அளவே கிடைக்கும். சொல் ஒன்று, விலை ஒன்று, கிடைத்த தானியமோ மூன்று அளவு.

அடர்த்தி என்னும் பாலம்

முகத்தலும் நிறுத்தலும் இரு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுகின்றன. ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது முதற் கேள்வி. இதற்கு விடை லிட்டரிலோ கன மீட்டரிலோ அமையும். அந்தப் பொருளில் எவ்வளவு சரக்கு அடங்கியிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு விடை கிலோகிராமில் அமையும். அறிவியலார் இதனை நிறை என்றும், அந்நிறையைப் புவி ஈர்க்கும் விசையை எடை என்றும் பிரித்துக் கூறுவர். ஒரு தட்டில் படிக்கல்லையும் மறு தட்டில் சரக்கையும் வைத்து ஒப்பிடும் தராசு நிறையையே காட்டுகிறது என்பதால், கடைத்தெருவில் இவ்விரு சொற்களுக்கும் இடையே வேறுபாடு பாராட்ட வேண்டிய தேவை எழுவதில்லை.

இடத்தையும் சரக்கையும் இணைப்பது அடர்த்தி. ஒரு லிட்டர் பாத்திரத்தில் நீரை நிரப்பினால் அது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிற்கும். பாலை நிரப்பினால் 1,030 கிராமை ஒட்டி நிற்கும். நிலக்கடலை எண்ணெய் 915 கிராம் அளவில் நிற்கும். அதே பாத்திரத்தில் அரிசி 800 கிராமை ஒட்டியும், கேழ்வரகு 750 முதல் 800 கிராம் வரையிலும், உமி நீங்காத நெல் 550 முதல் 600 கிராம் வரையிலும் கொள்ளும். ஓட்டுடன் கூடிய நிலக்கடலையை நிரப்பினாலோ 300 கிராமைத் தொடுவதே அரிது.

தானியங்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டுக்கு இரு காரணங்கள் உண்டு. மணியின் அடர்த்தி ஒன்று. மணிகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் காற்று மற்றொன்று. கடலைக் காயின் ஓட்டுக்குள்ளும் காற்று, காய்க்கும் காய்க்கும் இடையேயும் காற்று. பாத்திரத்தைத் தரையில் இருமுறை தட்டினால் மணிகள் நெருங்கி அமர்ந்து மட்டம் இறங்கும். சரக்கு குறையவில்லை, இடம் குறைந்தது. நீருக்கும் எண்ணெய்க்கும் இந்தச் சிக்கல் இல்லை. நீர்மங்களை முகந்து விற்பதும் திண்மப் பொருள்களை நிறுத்து விற்பதும் உலகெங்கும் பொது வழக்காக அமைந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

அளக்கும் கை

அவ்வாறாயின் நம் முன்னோர் தானியத்தை முகந்து அளந்தது அறியாமையா என்றால், இல்லை. தராசு செய்வதும் படிக்கற்களைக் காப்பதும் செலவும் பயிற்சியும் வேண்டும் வேலை. மரத்தாலோ மூங்கிலாலோ பித்தளையாலோ ஆன படி ஒன்று இருந்தால் களத்துமேட்டில் நூறு கலம் நெல்லை ஒரே நாளில் அளந்துவிடலாம். விதைப்பவனுக்கும் முகத்தலே வசதி. இத்தனை படி விதைப்பாடு என்று நிலத்தின் பரப்பையே தானிய அளவால் குறித்த வழக்கம் இதிலிருந்து பிறந்தது. அடுக்களையில் ஓர் ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்கு நீர் என்னும்பொழுது ஆழாக்கின் உண்மையான கொள்ளளவு என்ன என்பது ஒரு பொருட்டே அன்று. இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தாற் போதும்.

விலைமிக்க பொருள்களை அவர்கள் நிறுத்தே கொடுத்தனர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. அங்கு நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறது. பொன்னோ ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. ஒரே கோயிலில் முகத்தலும் நிறுத்தலும் தத்தம் இடத்தில் நின்றன. எந்த மரக்கால், எந்தக் கல் என்பது பெயர் சொல்லிக் கல்லில் வெட்டப்பட்டது. எந்த அளவையால் என்பதைக் கூறாமல் அளவை மட்டும் கூறுவது பொருளற்றது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிருவாகம் உணர்ந்திருந்தது.

அரசாங்கத்தின் கண்பார்வை எட்டாத களத்துமேட்டில் நிலைமை வேறு. தானியத்தைக் கொள்ளும் மரக்கால் ஒன்று, கொடுக்கும் மரக்கால் வேறு என்பது உழவர்களும் கூலியாட்களும் நெடுங்காலம் கூறிவந்த குறை. பாத்திரம் ஒன்றேயாயினும் தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்பது அளப்பவர் கையில் இருந்தது. கேழ்வரகைக் கூலியாகப் பெறும் குடும்பத்திற்கு இது ஒரு வேளை உணவைப் பற்றிய வினா.

குவியலின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது பயனுடையது. இரண்டு லிட்டர் கொள்ளும் இரு பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றன் வாய் 12 சென்டிமீட்டர் அகலம். மற்றது குட்டையாய் 16 சென்டிமீட்டர் அகல வாய் உடையது. குவியலின் உயரம் வாயின் ஆரத்தில் பாதி என்று வைத்துக்கொண்டால், குறுகிய வாய்ப் பாத்திரத்தின் மேல் ஏறத்தாழ 113 மில்லிலிட்டரும், அகன்ற வாய்ப் பாத்திரத்தின் மேல் 268 மில்லிலிட்டரும் குவியும். தலைதட்டினால் இரண்டும் ஒன்றே. குவித்தாலோ ஒவ்வோர் அளவுக்கும் 155 மில்லிலிட்டர் வேறுபாடு. கேழ்வரகில் ஏறத்தாழ 120 கிராம். வாய் சிறிது அகன்றாலும் குவியல் மும்மடி விகிதத்தில் பெருகும் என்பதே இதன் காரணம். கொள்ளும் படியை அகலமாகவும் கொடுக்கும் படியை நெட்டையாகவும் செய்துகொண்டவர் வடிவ கணிதம் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை.

சட்டம் வந்த வழி

இதனை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் பலமுறை தொடங்கித் தேங்கின. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் கிலோகிராமுக்கு ஒப்பான சேரை எடைக்கு அடிப்படையாகக் கொண்டது. அந்தச் சேர் எடையுள்ள நீரைக் கொள்ளும் பாத்திரத்தை, அதாவது பெயர் சொல்லாமல் லிட்டரை, முகத்தலுக்கு அடிப்படையாக்கியது. மிகச் சிறந்த கருத்து. ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் தோலா, சேர், மணங்கு ஆகிய எடைகளை மட்டும் நிலைப்படுத்தியது. முகத்தல் அளவைகள் மாகாணங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1956-ஆம் ஆண்டின் எடைகள் மற்றும் அளவைகள் தரச் சட்டம் மெட்ரிக் முறையை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இம்மாற்றம், 1962 ஏப்ரல் முதல் வணிகத்தில் மெட்ரிக் எடைகள் கட்டாயமாகும் நிலையை எட்டியது. குப்பம் வட்டாரம் இதற்கிடையே சென்னை மாநிலத்திலிருந்து 1953-இல் ஆந்திர மாநிலத்திற்கும், 1956-இல் ஆந்திரப் பிரதேசத்திற்கும் உரியதாகிவிட்டது. மாநில எல்லைகள் மொழிவழிப் பிரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அளவைகள் ஒன்றாகிக்கொண்டிருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இம்மாற்றத்தில் படிக்குப் பதில் லிட்டர் வந்தது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் தானிய வணிகத்தில் நிகழ்ந்தது அதனினும் பெரிய மாற்றம். படியின் இடத்திற்கு வந்தது கிலோகிராம். அளக்கும் கருவி மட்டுமன்றி, அளக்கப்படும் தன்மையே மாறியது. ஒரு படிக்கு இத்தனை லிட்டர் என்னும் வாய்ப்பாடு இதற்கு உதவாது. ஒரு படி நெல் எத்தனை கிலோகிராம், ஒரு படி அரிசி எத்தனை கிலோகிராம், ஒரு படி கேழ்வரகு எத்தனை கிலோகிராம் என்று தனித்தனியே தெரிந்திருக்க வேண்டும். முதியவர்கள் சிலர் இன்றும் கிலோவைப் படியாக மனத்தில் மாற்றிப் பார்ப்பதில் தடுமாறுவது அவர்களுடைய குறை அன்று.

1976-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டமும் இவ்வடிப்படையையே வலுப்படுத்தின. சிப்பமிட்ட பொருள்களுக்கான விதிகளின்படி திண்மப் பொருள்களும் குழம்பு போன்றவையும் எடையாலும், நீர்மங்கள் கொள்ளளவாலும் குறிக்கப்படுதல் பொது நெறி. ஆயினும் பொரியைப் படியாலும் பூவை முழத்தாலும் விற்கும் தெருவோர வணிகம் மறைந்துவிடவில்லை. பொரி ஏறக்குறைய முழுவதும் காற்று. அதனை நிறுத்து வாங்குபவர் பெறும் எண் அவருக்கு எதனையும் உணர்த்தாது என்பதால் மக்கள் அதனைப் படியில் விட்டுவைத்திருக்கின்றனர் போலும்.

பாற்சாலை வாயிலில்

நீர்மங்களுக்குக் கொள்ளளவு என்னும் பொது நெறிக்குப் பால் ஒரு தனி வகை. சித்தூர் மாவட்டத்தின் சிறு உழவர்களுக்கு, மழை பொய்க்கும் ஆண்டுகளில் கறவை மாடே கைகொடுக்கும் வருவாய். வீட்டில் கறக்கும் பாலை அவர்கள் லிட்டரால் எண்ணுகின்றனர். கடையில் வாங்கும் பால் உறையிலும் மில்லிலிட்டரே அச்சிடப்பட்டிருக்கிறது. இடையில் உள்ள பாற்பண்ணையோ பெரும்பாலும் கிலோகிராமில் கணக்கிடுகிறது. புதிதாகக் கறந்த பாலில் நுரை நிற்கும். அளவுக் குவளையில் நுரையும் பாலாகத் தோன்றும். தராசில் நுரைக்கு எடை இல்லை. எனவே நிறுத்து வாங்குவதே இரு தரப்பினருக்கும் நேர்மையானது.

ஆனால் மாற்று விகிதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோகிராம். நாளொன்றுக்கு 10 லிட்டர் ஊற்றும் ஒரு குடும்பம் ஆண்டில் 3,650 லிட்டர் தருகிறது. இது ஏறத்தாழ 3,760 கிலோகிராம். விலை கிலோகிராமுக்கு என்று பேசப்பட்டிருந்து, லிட்டர் எண்ணிக்கையே கிலோ என்று ஏட்டில் எழுதப்படுமாயின், ஆண்டுக்கு 110 கிலோகிராமை ஒட்டிய பால் விலையின்றிப் போகும். நாள்தோறும் 300 கிராம் என்பதால் எவர் கண்ணிலும் படாமல் போகும் இழப்பு இது.

பாலின் தரமறியும் இரு கருவிகளும் கொள்ளளவுக்கும் எடைக்கும் இடையே உள்ள இதே உறவில் இயங்குபவையே. பால்மானி அடர்த்தியைக் காட்டுகிறது. நல்ல பசும்பாலில் அதன் அளவீடு 28 முதல் 30 வரை, அதாவது ஒப்படர்த்தி 1.028 முதல் 1.030 வரை, நிற்கும். நீர் கலந்தால் அளவீடு இறங்கும். கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகவே ஆடையை எடுத்துவிட்டால் அளவீடு ஏறும். இரண்டையும் அளவாகச் செய்துவிட்டால் பால்மானி ஏமாறும். எனவேதான் கொழுப்பைத் தனியே அறியும் கெர்பர் சோதனை இன்றியமையாததாயிற்று. அதில் 10.75 மில்லிலிட்டர் பால் கொள்ளளவால் எடுக்கப்படுகிறது. கிடைக்கும் விடையோ எடையில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்பது. பாலின் அடர்த்தியைக் கணக்கிற்கொண்டே கண்ணாடிக் குழாயின் கோடுகள் வரையப்பட்டிருக்கின்றன.

தராசும் மறைப்பது உண்டு

நிறுத்து வாங்கினால் எல்லாத் தொல்லையும் தீர்ந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. தராசு சரக்கை மட்டும் அறியாது. சரக்கில் உள்ள நீரையும் சேர்த்தே அறியும். அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு 17 விழுக்காடு ஈரப்பதம் பொதுவான உச்ச வரம்பு. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லில் உலர்ந்த சரக்கு 78 கிலோகிராம். அதனை 17 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் 94 கிலோகிராமே நிற்கும். வாங்குபவர் ஆறு கிலோகிராம் நீருக்கு விலை கொடுக்க மறுப்பது நியாயமே.

இதன் மறுபக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. கண்டிப்புக்கு அஞ்சிய உழவர் நெல்லை 13 விழுக்காடு வரை காயவைத்துக் கொண்டுவந்தால், 17 விழுக்காட்டில் 100 கிலோகிராமாக நின்றிருக்கும் நெல் 95.4 கிலோகிராமாக நிற்கும். ஒரு மணி நெல்லும் குறையவில்லை. நாலரை கிலோகிராமுக்கு உரிய விலை குறைந்தது. விலையும் வரம்பும் ஒரே எல்லைக்கோட்டில் நிற்கும் வரை, அதிகமாக உலர்த்துபவருக்கு உழைப்பும் இழப்பும் சேர்ந்தே வரும். ஈரப்பதமானி கொள்முதல் நிலையத்தில் மட்டும் இருந்து, களத்துமேட்டில் இல்லாததன் விளைவு இது.

மணியின் தரத்தைக் காண முகத்தலும் நிறுத்தலும் மீண்டும் ஒன்றுசேர்கின்றன. கோதுமை போன்ற தானியங்களில் 100 லிட்டர் கொள்ளளவு எத்தனை கிலோகிராம் நிற்கிறது என்பதை எக்டோலிட்டர் எடை என்பர். முற்றிய மணி மிகுந்திருந்தால் இவ்வெண் உயரும். சூம்பிய மணி மிகுந்திருந்தால் தாழும். ஒரு பிடி எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்து, கனமில்லை என்று தள்ளிவிடும் பழைய தரகரும் அடர்த்தியைத்தான் சோதித்தார்.

மணலும் மண்ணும்

முகத்தலா, நிறுத்தலா என்னும் வினா குப்பத்தின் எல்லையில் இன்று கூர்மையாகத் தெரிவது தானியத்தில் அன்று, மணலில். தமிழ்நாட்டில் மணல் யூனிட் கணக்கில் பேசப்படுகிறது. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆந்திரப் பிரதேச அரசு 2019-இல் வகுத்த மணல் கொள்கையில் விலை டன்னுக்கு 375 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. எல்லையின் ஒரு புறம் இடம், மறு புறம் எடை.

இதில் எது வாங்குபவருக்கு நன்மை என்பது மணலின் ஈரத்தைப் பொறுத்தது. சிறிதளவு நீர் பட்டவுடன் மணல் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் உருவாகி அவற்றை விலக்கி நிறுத்துகிறது; மணல் உப்புகிறது. 5 விழுக்காடு ஈரத்தில் இது ஏறத்தாழ கால் பங்கு வரை இடத்தைப் பெருக்கக்கூடும். அத்தகைய ஈரமணலை யூனிட் கணக்கில் வாங்குபவர் 100 கன அடிக்கு விலை கொடுத்து 80 கன அடி உலர்மணலுக்கு ஈடான சரக்கையே பெறுகிறார். அதே மணலை டன் கணக்கில் வாங்கினால் நீருக்காக அவர் இழப்பது 5 விழுக்காட்டிற்குள் அடங்கும். வியப்பு என்னவெனில், மணலை முழுவதும் நீரில் மூழ்கச் செய்தால் உப்பல் மறைந்து இடம் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

வீடு கட்டுபவரின் இழப்பு விலையோடு முடிவதில்லை. 50 கிலோகிராம் சிமெண்ட் மூட்டை எடையால் வருகிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர் என்று கொண்டு, அதே அளவுள்ள பெட்டியால் மணலையும் சல்லியையும் கொத்தனார் அளந்து கொட்டுகிறார். ஈரமணலைப் பெட்டியால் அளக்கும்பொழுது கலவையில் மணல் குறைந்து, விகிதம் பிறழ்கிறது. உப்பலுக்கு ஈடாகக் கூடுதல் மணல் சேர்க்க வேண்டும் என்பது பொறியாளர் அறிந்ததே. ஊரகக் கட்டடங்களில் பொறியாளர் அருகில் நிற்பது அரிது.

மண்வேலைக் கூலியிலும் இதே முரண்பாடு உண்டு. அப்போது அண்டை மாவட்டமாக இருந்த அனந்தபூரின் பண்டலப்பல்லியில் 2006 பிப்ரவரி 2-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் மண்வேலைகளில், தொழிலாளரின் வேலை வெட்டிய குழியின் நீள அகல ஆழத்தால் கன மீட்டரில் அளக்கப்பட்டது. ஆனால் தொழிலாளர் தலையில் சுமப்பது எடையை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் நிற்கும். வெட்டியபின் உதிர்ந்து இடத்தில் பெருகும். எத்தனை கூடை என்னும் எண்ணிக்கை கூடும். மென்மையான மண்ணுக்கு ஒரு விகிதம், இறுகிய செம்மண் சரளைக்கு வேறொரு விகிதம், சுமக்கும் தூரத்திற்கும் ஏற்றத்திற்கும் தனிக் கணக்கு என்று விகிதப் பட்டியல்கள் வகுக்கப்படுவது இவ்விடைவெளியை நிரப்புவதற்காகவே. மண்ணின் வகையை ஏட்டில் தவறாகக் குறித்தால், அளவுநாடா எவ்வளவு சரியாகப் பிடிக்கப்பட்டாலும் கூலி தவறாகவே அமையும்.

குப்பம் கிரீன் என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் இப்பகுதியின் கருங்கல்லில் இத்தொல்லை இல்லை. கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் என்பது பெரிதும் மாறாதது. இடத்தைக் கூறினால் எடை தானே விளங்கும்.

எண்ணெய் உறையும் மருந்துப் புட்டியும்

சமையல் எண்ணெயில் முகத்தலின் மற்றொரு வலுவின்மை வெளிப்பட்டது. வெப்பத்தில் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகை செல்சியசில் ஏறத்தாழ 919 கிராம் நிற்கும். 60 பாகையில் 893 கிராமே நிற்கும். உறையின் மீது உயர்ந்த வெப்பநிலை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டால் 26 கிராம் எண்ணெய் சட்டப்படி மறைந்துவிடும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை இதனைக் கண்டித்து, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவைத் தெரிவிக்கவும், அதற்குரிய எடையும் பிழையின்றி அமையுமாறு பார்த்துக்கொள்ளவும் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. மாற்றத்திற்கு 2023 சனவரி 15 வரை காலம் அளித்தது. எண்ணெய் உறையில் மில்லிலிட்டரை விட்டுக் கிராமை மட்டும் ஒப்பிட்டு வாங்கும் இல்லத்தரசியை எந்த வெப்பநிலையும் ஏமாற்ற இயலாது.

விலையில் ஏற்படும் பிழை பணத்தோடு போகும். வயலில் ஏற்படும் பிழை அவ்வாறன்று. தக்காளித் தோட்டத்தில் தெளிக்கும் மருந்துகளில் நீர்ம வகைகள் லிட்டர் நீருக்கு இத்தனை மில்லிலிட்டர் என்றும், மாங்கோசெப் போன்ற தூள் வகைகள் லிட்டருக்கு 2 கிராம் என்பது போலும் பரிந்துரைக்கப்படுகின்றன. பல தோட்டங்களில் இரண்டுக்கும் ஒரே கருவி, புட்டியின் மூடியே. 10 மில்லிலிட்டர் மூடியில் நீர்ம மருந்தை அளந்தால் அது 10 மில்லிலிட்டர்தான். அதே மூடியில் தூளை நிரப்பினால் அது எத்தனை கிராம் என்பது தூளின் நயத்தையும், ஈரத்தையும், மூடியை அழுத்தி நிரப்பினாரா என்பதையும் பொறுத்தது. குறைந்தால் நோய் அடங்காது. மிகுந்தால் இலை கருகும், எஞ்சிய நஞ்சு காயோடு சந்தைக்குப் போகும். நீர்மத்திற்குக் கோடிட்ட ஒரு குவளையும், தூளுக்கு ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசும் ஓர் ஊருக்குப் பொதுவாக வாங்குவது ஒரு தெளிப்பான் விலையினும் குறைவு. வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்கும்பொழுதே, எதனால் அளப்பது என்பதையும் அதே சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.